சலப்பையிற் பிறக்கும் கற்கள்

எங்கள் வீட்டு நாயை ஒருநாள் மாலை நான் அநியாயமாகக் கண்டித்தேன். அது ஆண் பொமரேனியன், வயது ஏழு, நிறை ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு, பெயர் மணி. வீட்டினுள் ஒருபோதும் அசுத்தஞ் செய்தறியாத அப்பிராணி, அன்று விறாந்தை மூலையிலே இரண்டு மூன்று இடங்களிற் சொட்டுச் சொட்டாக நனைத்து வைத்திருந்தது. அதட்டி வெளியே துரத்தினேன். மல்லிகைப் பந்தலடியிற் காலைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றது. பின்னர் முதுகை வளைத்துக் குந்தி முக்கியது. மலச்சிக்கல் என்று வீட்டார் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தோம். பழைய வழக்கப்படி ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெயும் பருக்கினோம்.

மறுநாட் காலையில் அது உணவைத் தொடவில்லை. ஒருமுறை வாந்தியெடுத்தது. அடிவயிற்றிற் கைபட்டபோது, என்னை ஒருநாளுங் கடித்தறியாத நாய், பல்லைக் காட்டியது. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வயிற்றை ஒருதரம் தடவிப் பார்த்ததும் முகம் மாறிற்று.

“மாஸ்டர், இது மலம் அடைச்சதில்லை, சலம் அடைச்சது. கடைசியாய் எப்ப ஒழுங்காய்ச் சலம் போனது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் வரவை நாள் தவறாமற் பதிவு செய்தவன், வீட்டிலே என் காலடியிற் படுத்துறங்கும் சீவன் எப்போது சிறுநீர் கழித்தது என்பதைக் கவனித்திருக்கவில்லை. அதன் பின்னர் வைத்தியரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுவதற்கு அந்த வெட்கமே காரணம்.

ஆண் நாயின் உடலமைப்பில் ஒரு விசேடம் உண்டு. அதன் குறியினுள்ளே ஓர் என்பு இருக்கிறது. அவ்வென்பின் அடிப்புறத்தில் ஒரு வாய்க்கால் போன்ற பள்ளம். சிறுநீர்க் குழாய் அப்பள்ளத்தின் வழியே செல்கின்றது. மற்றைய இடங்களில் இழுபட்டு விரியக்கூடிய குழாய், அவ்விடத்தில் மட்டும் என்புக்குள் அகப்பட்டு விரிய இயலாது நிற்கிறது. ஆகவே சலப்பையிலிருந்து புறப்படும் சிறுகல், அவ்வென்பின் பின்முனையை அடைந்ததும் அங்கேயே இறுகிவிடுகிறது. பெண் நாயின் குழாய் குறுகிய நீளமும் கூடிய அகலமும் உடையதாதலால் அங்கே இவ்வாறான அடைப்பு அரிது. அடைப்பு முழுமையானால், வெளியேற வேண்டிய கழிவுகளும் பொற்றாசியமும் இரத்தத்திலே தேங்குகின்றன. பொற்றாசியம் மிகுந்தால் இதயத்தின் துடிப்பே தடுமாறும். இரண்டு மூன்று நாட்களில் உயிர் போதலுங் கூடும். அடைபட்ட நாய்க்கு நேரந்தான் மருந்து; நாங்களோ ஓர் இரவை ஆமணக்கெண்ணெயிற் கழித்துவிட்டோம்.

வைத்தியர் நாயை மயக்கி, மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, உப்புநீர்க் கரைசலை அழுத்தத்துடன் பாய்ச்சி, கல்லை வந்த வழியே சலப்பைக்குள் திருப்பி அனுப்பினார். தேங்கி நின்ற சிறுநீர் இரத்தநிறமாக வடிந்தது. எக்ஸ் கதிர்ப் படத்திற் சலப்பையினுள் வெள்ளை வெள்ளையாகப் பல மணிகள் தெரிந்தன. மறுநாள் சத்திரசிகிச்சை. ஏழு கற்கள்; பெரியது உழுந்தளவு, சிறியவை கடுகளவு. உழுந்தைப்போல வழவழப்பானவை அல்ல. நெருஞ்சி முள்ளைப்போலச் சுற்றிலும் கூர்கள். அவற்றை உள்ளே வைத்துக்கொண்டு எத்தனை மாதங்கள் வாலையாட்டி எங்களை வரவேற்றதோ!

கல்லின் கொடுமையை மனிதன் பன்னெடுங்காலமாக அறிவான். ஆங்கிலத்திலே நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீசு, 1658ஆம் ஆண்டு மார்ச் 26ஆந் திகதி சலப்பைக் கல்லுக்காக அறுவைக்கு உட்பட்டார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம், கட்டிவைத்து அறுத்தார்கள். பிழைத்தெழுந்தவர், அந்த நாளை ஆண்டுதோறும் விருந்திட்டுக் கொண்டாடத் தீர்மானித்தார். எடுத்த கல்லை ஒரு பேழையிற் பத்திரப்படுத்திக்கொண்டார். இத்தனைக்கும் பெப்பீசு தமது வேதனையை வாய்விட்டுச் சொல்லக்கூடியவர். நாய்க்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் விறாந்தையிற் சொட்டுவதுதான்.

இரசாயன சாத்திரத்தின் வரலாற்றிலே இந்தக் கற்களுக்கு ஒரு தனியிடம் உண்டென்பது பலருக்கு வியப்பூட்டலாம். சுவீடன் தேசத்து ஷீலே என்பார் 1776இல் யூரிக்கமிலத்தைக் கண்டது சலப்பைக் கல்லொன்றை ஆராய்ந்தே. ஆங்கில விஞ்ஞானி வொலஸ்ரன் 1810இல் வேறொரு கல்லை ஆராய்ந்து புதியதொரு பொருளைக் கண்டார். இன்று நாம் சிஸ்தீன் என வழங்கும் அமினோவமிலம் அதுவே. நாயின் கற்களில் மிக முக்கியமான ஒன்றுக்குப் பெயர் வந்த கதை இன்னும் சுவையானது. 1842ஆம் ஆண்டு ஹம்பேர்க் நகரத்தைப் பெருந்தீ அழித்தது. எரிந்துபோன புனித நிக்கலசுக் கோவிலை மீளக்கட்ட அத்திவாரம் தோண்டியபோது, பழைய சாணமும் கழிவும் மக்கிய நிலத்தினுள்ளே பளபளக்கும் பளிங்குகள் கிடைத்தன. உலெக்ஸ் என்ற இரசாயனர் 1845இல் அவற்றை விவரித்து, ஸ்துரூவே என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரைக் கௌரவிக்குமுகமாக ஸ்துருவைற்று எனப் பெயரிட்டார். மகனீசியமும் அமோனியமும் பொசுபேற்றும் சேர்ந்த பளிங்கு அது. தகரத்தில் அடைத்த மீனிலே சிலவேளைகளிற் கண்ணாடித் துண்டு போன்ற பளிங்குகள் கிடப்பதைக் கண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உளர். அதுவும் பெரும்பாலும் இந்த ஸ்துருவைற்றுத்தான்; கண்ணாடியன்று.

நாய்களின் சலப்பையில் விளையும் கற்களிற் பெரும்பாலானவை இரண்டு சாதிகளுள் அடங்கும். ஒன்று மேற்கூறிய ஸ்துருவைற்று. மற்றையது கல்சியம் ஒட்சலேற்று. கண்ணுக்கு இரண்டுங் கற்களே. ஆனால் பிறப்பு வேறு, குணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தாற் கேடு விளையும்.

ஸ்துருவைற்று, நாய்களைப் பொறுத்தவரையில், பெரும்பாலும் கிருமியின் பிள்ளை. சிறுநீர்ப் பாதையிற் குடிபுகும் சில பற்றீரியாக்கள் யூரியேசு என்ற நொதியத்தைச் சுரந்து, சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகின்றன. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. காரச் சிறுநீரிலே ஸ்துருவைற்று வீழ்படிவாகிறது. கிருமி எளிதில் ஏறக்கூடிய குறுகிய குழாயையுடைய பெண் நாய்களிலேயே இது மிகுதி. பூனைகளிற் கிருமியின்றியே இக்கல் விளைவதுண்டு. பூனைக்குச் சொல்லப்பட்டதை நாய்க்குப் பொருத்துவோர் இங்கேதான் இடறுகிறார்கள்.

இக்கல்லிடத்திலே ஒரு நற்குணம் உண்டு: கரையும். ஏற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும், மகனீசியம், பொசுபரசு, புரதம் ஆகியவற்றைக் குறைத்துச் சிறுநீரை அமிலப்பக்கம் திருப்பும் விசேட உணவுங் கொடுத்தால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கத்தியின்றியே மறைந்துவிடும். மருந்தை இடையிலே நிறுத்தலாகாது. கல் வளரும்போது அதன் படைகளுக்கிடையே கிருமிகளும் புதைந்துவிடுகின்றன. கல் கரையக் கரைய அவை மீண்டும் வெளிவரும். ஆதலினாற் படத்திற் கல் முற்றாக மறையும்வரை மருந்து தொடர வேண்டும். கரைந்தபின் திரும்ப வாராது தடுப்பதற்கும் உணவைவிடக் கிருமியைக் காவல் காப்பதே முக்கியம்.

ஒட்சலேற்றின் இயல்பு நேர்மாறானது. ஒருமுறை உருவான ஒட்சலேற்றுக் கல்லைக் கரைக்கும் மருந்தோ உணவோ இன்றுவரை இல்லை. எடுக்கத்தான் வேண்டும். ஆண் நாய்களில், நடுவயதுக்கு மேற்பட்டவற்றில், சிறிய சாதிகளில் இது மிகுதி. மினியேச்சர் ஷ்னௌசர், யோர்க்ஷயர் ரெரியர், ஷிட்சு, லாசா அப்சோ, பிஷோன் பிரீசே, சிவாவா, பொமரேனியன் என்று அட்டவணை நீளும். மணியின் கற்கள் ஆராய்ச்சிக்குச் சென்று திரும்பியபோது வந்த விடையும் இதுவே. கல்லை எடுத்ததும் வீசிவிடாது ஆராய்வித்தல் வேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்தியதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. எந்தக் கல் என்று அறியாமற் செய்யும் தடுப்பு, எந்தப் பாடம் என்று அறியாமற் பரீட்சைக்குப் படிப்பதை ஒக்கும்.

இத்துறையிலே பெரும்பணி செய்தது அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகம். கால் ஒஸ்போண் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் 1981இல் அங்கே கற்களை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையத்தைத் தொடக்கினார். ஆரம்ப ஆண்டுகளில் அங்கு வந்த நாய்க் கற்களிற் பெரும்பான்மை ஸ்துருவைற்று. ஒட்சலேற்று மிகச் சிறுபான்மை. அடுத்த இரண்டு தசாப்தங்களுக்குள் ஒட்சலேற்று ஏறி, ஸ்துருவைற்றோடு ஏறத்தாழச் சரிநிகராக நின்றது. இதற்குப் பல காரணங் கூறுவர். அவற்றுள் என் மனத்தைத் தைத்தது ஒன்று: ஸ்துருவைற்றைத் தடுப்பதற்கெனச் சிறுநீரை அமிலமாக்கும் உணவுகள் பரவியமை. உடல் அமிலப்பக்கம் சாய்ந்தால் கல்சியம் கூடுதலாகச் சிறுநீரில் இறங்கும். ஒட்சலேற்றுக்கு அது உரமாகும். நாய்க்குத் தேசிக்காய்ப்புளியும் வினாகிரியும் புகட்டும் வீட்டு வைத்தியர்கள் இதனை ஆற அமரச் சிந்திக்க வேண்டும். அயலவர் ஒருவர் அன்போடு வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார். மனிதரின் கல்லடைப்புக்குச் சிறுபீளையும் வாழைத்தண்டும் நம்மவர் நெடுங்காலம் வழங்கிவருவன. ஆனால் அடைபட்டுக் கிடக்கும் நாய்க்குச் சாறு பிழிந்துகொண்டிருக்க நேரமில்லை.

சிறிய நாய்களுக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? 2001ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், லப்ரடோர் நாய்களையும் மினியேச்சர் ஷ்னௌசர் நாய்களையும் ஒரேவகை உணவூட்டி ஒப்பிட்டார்கள். நிறைக்கேற்பக் கணக்கிட்டாலும், சிறிய நாய் குறைந்த அளவு சிறுநீரையே, குறைந்த தடவைகளில் மட்டும் கழித்தது. அதாவது சிறுநீர் செறிவாகிறது. செறிந்த சிறுநீர் நெடுநேரம் சலப்பையில் தங்குகிறது. பனங்கற்கண்டு விளைவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பாணியைச் செறியக் காய்ச்சி, அசையாது ஆறவிட்டால், நூலிலும் பானையின் ஓரத்திலும் கற்கண்டு கட்டும். அதே பாணியிலே தண்ணீரை ஊற்றினால் எத்தனை நாள் வைத்தாலும் கட்டாது. இன்னொன்று: பெரிய நாயின் குழாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும் சிறுமணி, சின்ன நாயின் குழாயை முற்றாக அடைத்துவிடும். சிறிய சாதிகள் சிலவற்றிலே ஈரலைச் சுற்றிக்கொண்டு இரத்தம் செல்லும் பிறவிக்குறை காணப்படுவதுண்டு. அவற்றுக்கு அமோனியம் யூரேற்று என்ற மூன்றாஞ் சாதிக் கல் வரும். சிறிய நாயன்றாயினும் டல்மேஷியனை இங்கே சொல்லாது விட மனம் வரவில்லை. மற்றைய நாய்கள் யூரிக்கமிலத்தை மேலும் மாற்றிக் கழிக்க, அது யூரிக்கமிலமாகவே கழிக்கிறது. குலத்தில் ஊறிய அக்குறையைப் போக்குவதற்காக 1973இல் அமெரிக்காவில் ஒரு டல்மேஷியனைப் பொயின்ரர் சாதி நாயோடு கலந்து இனவிருத்தி தொடங்கினார்கள்; குறைக்குக் காரணமான பரம்பரை அலகு 2008இல் இனங்காணப்பட்டது. புள்ளியழகுக்காகத் தெரிந்தெடுத்த குலத்துக்குள் கல்லும் கூடவே வந்துவிட்டது போலும்.

இனி, பளிங்குக்கும் கல்லுக்கும் உள்ள பேதத்தைச் சொல்ல வேண்டும். இதனை நான் ஒரு வீண் கலக்கத்தின் மூலமே கற்றேன். சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதத்தில் மணியின் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. மனைவியார் விடியற்காலையில் எழுந்து, கழுவிய ஜாம் போத்தலொன்றிலே அதனை ஏந்திவிட்டார். அன்று போயா விடுமுறை. ஆதலால் போத்தலைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் கொடுத்தோம். ‘பளிங்குகள் மிகுதி’ என்று அறிக்கை வந்தது. மகள் அழத் தொடங்கினாள். அறுத்த காயம் ஆறுமுன்னே மறுபடியுமா என்று எனக்கும் கால் ஓடவில்லை.

வைத்தியர் அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போத்தல் எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னோம். சிரித்தார். “அந்தப் பளிங்கு மணியின்ரை சலப்பையிலை விளைஞ்சதில்லை மாஸ்டர், உங்கடை குளிர்ப்பெட்டியிலை விளைஞ்சது.” சிறுநீர் குளிர்ந்தாலும் நெடுநேரம் நின்றாலும், உடலுக்குள்ளே கரைந்திருந்தவை வெளியே பளிங்காகிவிடும். ஒரு மணித்தியாலத்துக்குள், குளிரூட்டாமல், நுணுக்குக்காட்டியிற் பார்க்க வேண்டும். மறுநாள் அகப்பையிலே ஏந்தி அரைமணி நேரத்துக்குள் கொண்டுபோனோம்; ஒரு பளிங்குமில்லை.

நுணுக்குக்காட்டியின் கீழே பளிங்குகள் காண்பதற்கு இனியன. ஸ்துருவைற்று, சவப்பெட்டியின் மூடியைப் போன்றது என்பர், ஒட்சலேற்றின் ஒருவகை, தபாலுறையின் பின்புறத்தைப்போலக் குறுக்குக்கோடிட்ட சதுரம், சிஸ்தீன் அறுகோணம். ஆரோக்கியமான நாயின் சிறுநீரிலும் ஸ்துருவைற்றுப் பளிங்குகள் காணப்படுவது வழமை. கல்லும் கிருமியும் வேதனையும் இல்லாத நாய்க்கு, பளிங்கைக் கண்ட ஒரே காரணத்துக்காக உணவையும் மருந்தையும் மாற்றத் தேவையில்லை. சிஸ்தீன் மட்டும் அவ்வாறன்று; அதனை எப்போது கண்டாலும் குலக்குறை உண்டென்றே கொள்ளல் வேண்டும். மறுதலையாக, ஒரு பளிங்குகூட இல்லாத சிறுநீரையுடைய நாயின் சலப்பையிற் கல் கிடத்தலும் உண்டு. ஆகவே கல்லைத் தேடுவோர் எக்ஸ் கதிர்ப் படத்தையோ கழியொலிப் படத்தையோ நாட வேண்டுமேயன்றிப் போத்தலை மட்டும் நம்பலாகாது.

ஒட்சலேற்று கண்ட நாய்க்குத் தடுப்பு என்ன? எடுத்த நாய்களிற் பலவற்றுக்குச் சில ஆண்டுகளுள் அது திரும்ப வருவதுண்டு. இருக்கும் ஆயுதங்களுள் முதன்மையானது தண்ணீர். அமெரிக்க மிருக உள்மருத்துவக் கல்லூரியின் சார்பில் 2016இல் வெளியிடப்பட்ட வழிகாட்டல்கள், நாயின் சிறுநீர்த் தன்னீர்ப்பு 1.020க்குக் குறைந்து நிற்கத்தக்கதாக உணவிலே ஈரத்தைக் கூட்டுமாறு கூறுகின்றன. உலர்ந்த உருண்டை உணவிற் பத்திலொரு பங்களவே நீர்; ஈர உணவில் நாலில் மூன்று பங்குக்கு மேல். நாங்கள் மணியின் உணவைத் தண்ணீர்விட்டுக் கூழ்ப்பதமாகக் குழைத்தே வைக்கிறோம். முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. உப்பில்லாமல் அவித்த கோழியின் சாற்றில் ஒரு கரண்டி கலந்ததும் சமாதானமாயிற்று. உப்பைக் கூட்டினால் நாய் தானாகவே தண்ணீர் குடிக்குமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. உப்பு மிகுந்த உலருணவை ஈர உணவுக்குப் பதிலாகக் கொள்ளலாகாது என்று அவ்வழிகாட்டல்கள் வெளிப்படையாகவே விலக்கியுள்ளன. சோடியம் கூடினாற் கல்சியமும் சிறுநீரிற் கூடலாம். கருவாட்டுத் துண்டு எங்கள் வீட்டில் நாய்க்கு நின்றுவிட்டது.

கீரையும் நின்றது. பிள்ளைகள் தங்கள் பங்குக் கீரையை மேசைக்கடியிலே தள்ளிவிடுவதும் அது நக்கித் தின்பதும் எங்கள் வீட்டில் நெடுநாள் வழக்கம். பசளியும் முளைக்கீரையும் ஒட்சலேற்று மிகுந்தவை. விற்றமின் சீயும் விற்றமின் டீயும் அடங்கிய சத்துக்குளிசைகளைக் கேளாமற் கொடுத்தலாகாது. முன்னது உடலில் ஒட்சலேற்றாக மாறும், பின்னது கல்சியத்தைக் கூட்டும். சிறுநீர் விடாது அமிலமாக நின்றால் வைத்தியர் பொற்றாசியம் சித்திரேற்றுக் கொடுப்பதுண்டு. அளவு அவர் கையில் இருக்க வேண்டியது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரின் சுண்ணாம்பே எல்லாவற்றுக்குங் காரணம் என்று உறவினர் ஒருவர் வாதாடினார். கேத்தலின் அடியிற் படிவது கல்சியம் காபனேற்று. மணியின் சலப்பையிற் கிடந்தது அதுவன்று. ஸ்துருவைற்றிலோ கல்சியமே இல்லை.

தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது. கழிக்க வழியும் வேண்டும். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் என்று கதவு திறந்த வீடு எங்களுடையது. நல்ல நாய் அடக்கிக்கொண்டு காத்திருக்கும். அதன் நற்பழக்கமே அதற்குப் பகையாகிறது. இப்போது நாலைந்து தடவை வெளியே விடுகிறோம். எவ்வளவு நேரம் நிற்கிறது, தாரையாக வருகிறதா சொட்டாக வருகிறதா, நிறம் என்ன என்று பார்ப்பது என் வேலை. ஓய்வுபெற்ற உபாத்தியாயர் காலையில் நாயின் பின்னாற் குனிந்து நிற்பதை வீதியாற் போவோர் பார்த்துச் சிரிப்பதுண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதிலே ஒரு தந்திரமுண்டு. மீண்டும் கல் தோன்றினாலும், மணலளவாக இருக்கும்போதே கண்டுவிட்டால், நாயை மயக்கி நிமிர்த்திப் பிடித்து, நீர் நிரப்பிய சலப்பையை மெல்ல அழுத்தி, சிறுநீரோடு சேர்த்து வெளியே தள்ளிவிடலாம். வயிற்றைக் கீறத் தேவையில்லை. மினசோட்டாக் குழுவினர் 1993இல் விவரித்த முறை இது. கல் உழுந்தளவாகிவிட்டால் ஆண் நாயில் அது நடவாது.

மாசியில் எடுத்த படம் வெறுமையாக இருந்தது. அடுத்தது ஆவணியில்.